வலிப்பு வராத இருபது நிமிடம்

எங்கள் துணை மின்நிலையத்தில் என்னோடு பணிபுரியும் நண்பர் போன மாதம் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். உள்ளே அவருடைய மகனின் இ.இ.ஜி. அறிக்கை, அதாவது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த தாள். பையன் கல்லூரியில் படிக்கிறான். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறான். "எல்லாம் நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள் சார். அப்படியென்றால் நோய் போய்விட்டது என்றுதானே பொருள்? மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறாள் அவன் அம்மா" என்றார். நிறுத்தவே கூடாது, ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடக் கூடாது, நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கேட்டுக்கொண்டார். அன்று வீடு திரும்பிய பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் வீட்டுக்கு அந்தத் தாள் நிம்மதியைக் கொண்டுவந்திருந்தது. அதே போன்ற ஒரு தாள்தான் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கியது. பல ஆண்டுகளாக எனக்குள் கிடக்கும் கோபத்தை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தங்கையிடம் கேட்டேன். "பெயரை மட்டும் போடாதே அண்ணா, மற்றதையெல்லாம் எழுது" என்றாள்.

வலிப்பு என்றதும் நம் கண்முன் வருவது ஒரே காட்சி: ஒருவர் கீழே விழுகிறார், கை கால் வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது, யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். என் தங்கைக்கு அப்படி வந்தது மிகச் சில முறைதான். வழக்கமாக வருவது வேறு மாதிரி. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறி நெஞ்சுக்கு வருவது போல இருக்கும் என்பாள். காரணமே இல்லாமல் ஒரு பயம். பிறகு பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். உதட்டைச் சப்புக்கொட்டுவாள், எதையோ விழுங்குவாள். வலது கை துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் இருக்காது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவாள். நடுவில் நடந்தது எதுவும் அவள் நினைவில் இருக்காது. ஒன்றரை வயதில் கடும் காய்ச்சலின்போது நெடுநேரம் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அதன் பிறகு எட்டாம் வகுப்பு வரை எதுவும் இல்லை. அதனால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவர் இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார், எடுத்தோம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், அதையும் எடுத்தோம். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. மாத்திரை தொடர்ந்தது, வலிப்பும் தொடர்ந்தது. ஸ்கேனிலேயே ஒன்றும் இல்லை என்றான பிறகு சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். படிக்கப் பிடிக்காமல் செய்கிறாள் என்றார் ஒரு மாமா. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றாள் பெரியம்மா. துப்பட்டாவைக் கசக்கத் தெரிகிறதே, நினைவில்லாமலா கசக்குகிறாள் என்று அத்தை கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. தங்கை கொஞ்சம் கொஞ்சமாக அந்த வயிற்றுணர்வைப் பற்றிச் சொல்வதையே நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. வலிப்பு வந்துபோன பிறகு, வந்ததையே மறைக்கும் நிலைக்கு ஒரு பெண் தள்ளப்பட்டாள் என்றால் அதற்கு அந்த இரண்டு அறிக்கைகளை நாங்கள் படித்த விதமும் காரணம்.

தலைக்கு மேலே கேட்பது

மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இ.இ.ஜி. கருவி எனக்கு ஆரம்பத்திலேயே ஆர்வமூட்டியது. தலையில் ஒட்டும் மின்முனைகளில் கிடைப்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் மட்டுமே. அந்த அறையின் சுவரில் ஓடும் வயரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதைவிடப் பல மடங்கு பெரிது. அதை வடிகட்டிவிட்டுத்தான் மூளையின் அலையைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் இந்த மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். தான் பார்த்தது உண்மைதானா என்று தன்னையே சந்தேகித்து, திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-இல்தான் வெளியிட்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் 1934-இல் அதையே செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. பெர்கர் இந்தத் துறைக்கு வந்த கதையை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பிய நாளில், தொலைவில் வீட்டிலிருந்த அவருடைய சகோதரிக்கு அவருக்கு ஏதோ ஆபத்து என்று தோன்றி, அப்பாவை வற்புறுத்தித் தந்தி அடிக்கச் சொன்னாராம். ஒருவர் மனத்தில் நிகழ்வதை மற்றொருவர் எப்படி அறிய முடியும் என்ற கேள்வி அங்கிருந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் தேடியது கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் பிறந்த கருவி, தங்கை சொன்னதை நம்பாத எங்கள் வீட்டுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது.

1935-இல் பாஸ்டனில் ஃப்ரெடெரிக் கிப்ஸ், ஹாலோவெல் டேவிஸ், வில்லியம் லெனாக்ஸ் ஆகியோர் குழந்தைகளுக்குச் சில நொடிகள் மட்டும் நினைவு தவறும் வகை வலிப்பைப் பதிவு செய்தார்கள். நொடிக்கு மூன்று முறை, கூர்முனையும் அலையுமாக, இரண்டு பக்க மூளையிலும் ஒரே சமயத்தில் ஓடும் அந்த வடிவம் அவ்வளவு தெளிவானது. அந்தக் குழந்தைகளை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்துவிடச் சொன்னால் பல சமயம் அந்த அறையிலேயே வலிப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும். இ.இ.ஜி. எடுத்தால் வலிப்பு தெரிந்துவிடும் என்ற பொது நம்பிக்கைக்கு இந்தத் தெளிவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லா வலிப்பும் அப்படி மூளை முழுவதும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. என் தங்கையுடையது காதுக்கு முன்னே உள்ள நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, டெம்போரல் மடல் என்ற பக்கவாட்டு மூளைப் பகுதியின் உட்புற மடிப்பில் கிளம்பியது. அங்கே நடப்பது மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே பதிவாக வேண்டுமென்றால், மூளையின் மேற்பரப்பில் ஏறக்குறைய பத்துச் சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து இயங்க வேண்டும். அதைவிடச் சிறிய பரப்பில் நடப்பது பெரும்பாலும் வெளியே எட்டுவதில்லை.

இன்னொன்று நேரம். வழக்கமான இ.இ.ஜி. இருபது நிமிடம், அரை மணி நேரம்தான் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் வலிப்பு வருவது அரிது. இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியில் எப்போதாவது தெறிக்கும் கூர்முனைகளைத்தான் தேடுகிறார்கள். வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே முதல் பதிவில் அவை தென்படுவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் குறைவு. தூக்கத்தில் எடுத்தால், மீண்டும் மீண்டும் எடுத்தால் இந்த எண்ணிக்கை எண்பது தொண்ணூறு சதவீதம் வரை உயர்கிறது. எத்தனை முறை எடுத்தாலும் ஒன்றும் தென்படாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தொழிலில் மழையும் காற்றும் சேர்ந்தால் மட்டும் டிரிப் ஆகும் ஃபீடர்கள் (மின்பாதைகள்) உண்டு. மறுநாள் வெயிலில் போய் மெகர் என்ற காப்பு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். அதற்காக அந்த லைனில் கோளாறே இல்லை என்று எந்த லைன்மேனும் எழுதிக்கொடுக்க மாட்டார்; எங்கோ ஓர் இன்சுலேட்டரில் மயிரிழை விரிசல் இருக்கிறது, ஈரம் பட்டால்தான் அது தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்மை. பிரிட்டனில் விமானப் பணிக்காகப் பரிசோதிக்கப்பட்ட 13,000-க்கும் அதிகமான நலமான இளைஞர்களின் இ.இ.ஜி.யைப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்களில் ஏறக்குறைய 0.5 சதவீதம் பேருக்கு வலிப்பில் வரும் கூர்முனைகள் தென்பட்டன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதற்குப் பிறகும் வலிப்பு வரவேயில்லை. மயக்கம் போட்டு விழுந்த ஒருவருக்குத் தாளில் ஏதோ ஒரு கூர்முனை தெரிந்தது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் தவறுதான். தாளில் இருப்பதும் இல்லாததும் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. அந்த மனிதருக்கு என்ன நடந்தது, கூட இருந்தவர் எதைப் பார்த்தார் என்ற கதையோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க முடியும்.

அவள் பொத்தானை அழுத்தியபோது

தகுந்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என்று 2010-இல் உலக வலிப்பு எதிர்ப்பு அமைப்பு வரையறுத்தது. மூன்றாவது, நான்காவது மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் பலன் கிடைப்பது மிகச் சிலருக்குத்தான். இந்த வரையறையைச் சொல்லி எங்களைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியவர் ஓர் இளம் நரம்பியல் மருத்துவர். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் கழகத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடந்துவருகிறது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பலர் அங்கே போவது வழக்கம்.

அங்கே அவளை வீடியோ இ.இ.ஜி. அறையில் சேர்த்தார்கள். டெக்னீஷியன் டேப்பால் தலையை அளந்து, மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை வரைக்குமான நீளத்தில் பத்து, இருபது சதவீதக் கணக்கில் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மின்முனையைப் பசை வைத்து ஒட்டினார். மான்ட்ரியாலில் இருந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் முறைப்படுத்திய அளவு அது. உலகம் முழுவதும் அதே கணக்குத்தான். பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அறையில் கேமரா இரவும் பகலும் ஓடியது. கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எப்போதும் வரும் அந்த வயிற்றுணர்வு வந்ததும் அழுத்தச் சொன்னார்கள். வலிப்பு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வளர்ந்த வீட்டில், வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே உட்கார்ந்தபோது தெரிந்தது. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. அடிக்கடி வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வாள்.

ஒரு பிற்பகலில் அது வந்தது. "வருகிறது அண்ணா" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். நர்ஸ் ஓடிவந்து முதலில் செய்தது போர்வையை விலக்கியது. கைகளும் கால்களும் கேமராவுக்குத் தெரிய வேண்டும். அவள் கையைப் பிடிக்கப் போன என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். பெயரைக் கேட்டார், கையைத் தூக்கச் சொன்னார், ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். தங்கையின் பார்வை எங்கோ நின்றது. வலது கை போர்வையின் நுனியைத் தேடிக் கசக்கத் தொடங்கியது. இடது கை மட்டும் முறுக்கிக்கொண்டு விறைத்து நின்றதை நான் அன்றுதான் கவனித்தேன். தெளியும்போது வலது கையால் மூக்கைத் துடைத்தாள். சிறிது நேரத்தில் பேனாவைப் பேனா என்று சொன்னாள்.

மாலையில் மருத்துவர் எங்களை உட்காரவைத்துத் திரையில் காட்டினார். ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் அலைகள். அவள் பொத்தானை அழுத்தும் இடத்தில் படத்தை நிறுத்தினார். "இங்கே பாருங்கள்" என்று அலைகளைக் காட்டினார். ஒன்றும் இல்லை. எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெல்ல நகர்த்தினார். தங்கை பேசுகிறாள், நர்ஸ் வருகிறார், போர்வை விலகுகிறது; அலைகள் அப்படியேதான் இருக்கின்றன. அதன் பிறகுதான் வலது பக்கப் பொட்டை ஒட்டிய கோடுகளில் நொடிக்கு ஐந்தாறு என்ற கணக்கில் ஒரு சீரான அலை தோன்றி, பெரிதாகி, பக்கத்துக் கோடுகளுக்கும் பரவியது. உள்ளே ஆழத்தில் வலிப்பு தொடங்கிவிட்டது, அதைத் தங்கை உணர்ந்துவிட்டாள், ஆனால் தலைக்கு மேல் இருக்கும் மின்முனைகளுக்கு அது இன்னும் எட்டவில்லை என்று அவர் விளக்கினார். இந்த வயிற்றுணர்வு மட்டும் வந்து நின்றுபோகும் வேளைகளில் பெரும்பாலும் வெளியே எந்தப் பதிவும் இருக்காது என்றார்.

தங்கை அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னாள். தன் வலிப்பைத் தானே பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் முறை. உதடு சப்புவதையோ கை கசக்குவதையோ அவள் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தும் இடத்திலேயே கண்ணை வைத்திருந்தாள். "அப்படியென்றால் நான் முதலில் சொல்லியிருக்கிறேன், மிஷின் பிறகுதான் சொல்லியிருக்கிறது, இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் அவர். என் தங்கை அழுதாள். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் சொல்லிவந்த ஒன்றை, அவள் சொன்னதற்குப் பின்னால் வந்து ஒரு கருவி ஒப்புக்கொண்டது. எந்த அத்தைக்கும் மாமாவுக்கும் நான் இதைப் போய்ச் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு வயிற்றுணர்வு வந்தால் வீட்டில் சத்தமாகச் சொன்னாள்.

வீடியோவில் இருந்தவை வெறும் காட்சிகள் இல்லை என்பதும் அன்று புரிந்தது. இடது கை முறுக்கிக்கொண்டால் வலிப்பு எதிர்ப்பக்கமான வலது மூளையில். எந்தக் கை மூக்கைத் துடைக்கிறதோ அதே பக்கத்தில்தான் பெரும்பாலும் வலிப்பின் தொடக்கம். தெளிந்ததும் சீக்கிரமாகப் பேச முடிந்தால், பேச்சுக்கான பகுதி இருக்கும் பக்கம் பாதிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்கில் எல்லோர் கண்முன்னும் நடந்தவை இவை. யாரும் எங்களைக் கேட்கவில்லை. அத்தை குறையாகச் சொன்ன அந்தத் துப்பட்டாக் கசக்கலே நோயின் இடத்தைக் காட்டும் அடையாளங்களில் ஒன்று.

பழைய படத்தில் இருந்தது

எம்.ஆர்.ஐ.யை மீண்டும் எடுத்தார்கள். முன்பு எடுத்தது தலைவலிக்கும் பக்கவாதத்துக்கும் எடுக்கும் பொதுவான முறை: தடித்த துண்டுகள், அவற்றுக்கு நடுவே இடைவெளி. இப்போது எடுத்தது மெல்லிய துண்டுகள், டெம்போரல் மடலின் உட்புறத்தில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு உறுப்பின் நீளவாக்குக்குச் செங்குத்தாக, இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கோணத்தில். இடது ஹிப்போகாம்பஸ் இயல்பான பருமனில் இருந்தது. வலது சுருங்கி, ஃப்ளேர் என்னும் வகைப் படத்தில் வெளுத்துத் தெரிந்தது. குழந்தையில் வந்த நீண்ட காய்ச்சல் வலிப்போடு பல நேரங்களில் சேர்ந்து காணப்படும் தழும்பு அது. பாடம் படிக்காத எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மருத்துவர் பழைய படத்தையும் வெளிச்சத்தில் மாட்டினார். ஒரே ஒரு துண்டில், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டும், ஒரு சந்தேகம் எழும்படி ஏதோ இருந்தது.

ஜெர்மனியின் பான் நகர வலிப்பு மையத்திலிருந்து 2002-இல் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்காகவே சொல்கிறது. வலிப்புத் துறையில் தனிப் பயிற்சி இல்லாதவர்கள் வழக்கமான எம்.ஆர்.ஐ.யைப் படித்தபோது மூளையில் இருந்த கோளாறுகளில் 39 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். அதே படங்களை வலிப்புத் துறை வல்லுநர்கள் படித்தபோது அது 50 சதவீதமானது. வலிப்புக்கென்றே வகுத்த முறையில் எடுத்து அவர்களே படித்தபோது 91 சதவீதம். கருவி ஒன்றுதான், நோயாளியும் ஒருவர்தான். மாறியது எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து எடுத்ததும் படித்ததும். எங்கள் ஊரில் முதலில் படித்த ரேடியாலஜிஸ்டை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்த சீட்டில் ‘வலிப்பு, மூளை எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் எழுதியிருந்தது. வயிற்றிலிருந்து ஏறும் உணர்வு பற்றி ஒரு வரி அதில் இருந்திருந்தால் அவர் கண் டெம்போரல் மடலுக்குப் போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரிந்ததையே தவறாகப் படித்த காலமும் உண்டு, அதுவும் நம் நாட்டில். சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் வலிப்போடு வந்த பலருக்கு மூளையில் ஒரு சிறு வளையம் தெரிந்தது. இந்தியாவில் காசநோய் அதிகம் என்பதால் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் அதற்கான மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அப்படிப்பட்ட சில வளையங்களை அறுத்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டானவை என்று 1989-இல் அறிவித்தார்கள். அந்த வளையங்கள் பல சமயம் தாமாகவே மறைந்துவிடும். எத்தனையோ பேர் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்து தப்பினார்கள். ஸ்கேன் படம் அதே படம்தான். அதைப் பார்த்தவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். தமிழ்நாட்டில் நடந்த இந்த வேலையைப் பற்றி நாம் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

வேலூருக்கு இதில் இன்னும் பழைய தொடர்பு இருக்கிறது. வலிப்பு அறுவை சிகிச்சையில் மூளையைத் திறந்துவைத்து நேரடியாக மின்முனை வைத்துப் பதிவு செய்த வைல்டர் பென்ஃபீல்டிடம் மான்ட்ரியாலில் பயின்றவர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949-இல் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் வலிப்புக்கான அறுவை சிகிச்சையையும் செய்தார். எம்.ஆர்.ஐ. இல்லை, சி.டி.கூட இல்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு அந்தத் துயரம் நேர்ந்தது. அவருடைய இ.இ.ஜி.யில் வலிப்பு கிளம்பும் இடம் எது என்று தெரியவில்லை. இரண்டு பக்க டெம்போரல் மடலின் உட்பகுதியையும் அகற்றிவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இடம் தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது, எடுக்கப்போகும் பக்கம் போனால் மறுபக்கம் தாங்குமா என்று பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது என்று இன்று இவ்வளவு சோதனைகள் செய்வதற்குப் பின்னால் அந்த மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. என் தங்கைக்கு நினைவாற்றல் தேர்வுகள் நடந்தபோது அலுப்போடு "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டாள். அவளுக்கு மொலைசனின் கதையைச் சொன்னேன். அடுத்த தேர்வுக்கு முன்பு முகம் கழுவிக்கொண்டு போனாள்.

அவளுக்கு எல்லாச் சோதனைகளும் ஒரே இடத்தைக் காட்டின. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. பக்கத்து அறையில் இருந்த பையனுக்கு எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமே தெரியவில்லை. அவனுக்கு ஸ்பெக்ட் என்ற ரத்த ஓட்டப் படம் எடுக்க ஒரு நர்ஸ் ஊசியில் கதிரியக்க மருந்தோடு நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார். வலிப்பு தொடங்கிய நொடிகளில் ஊசி போட்டால் அந்த நேரத்தில் ரத்தம் எங்கே அதிகம் பாய்கிறதோ அங்கே மருந்து போய்த் தங்கிவிடும்; படத்தைச் சில மணி நேரம் கழித்துக்கூட எடுக்கலாம். வலிப்பில்லாத நேரத்துப் படத்தை அதிலிருந்து கழித்தால் இடம் புலப்படும். பெட் ஸ்கேன் இதற்கு நேர் எதிர்: வலிப்பில்லாத நேரத்தில் அந்த இடம் மற்ற இடங்களைவிடக் குறைவாகச் சர்க்கரையை எரிப்பதைக் காட்டும். இவையும் போதாதபோது, பாரிஸில் தலைராக்கும் பாங்கோவும் உருவாக்கிய முறையில், மண்டையில் சிறு துளைகள் வழியாக மெல்லிய மின்முனைகளை மூளைக்குள்ளேயே செலுத்திப் பதிவு செய்கிறார்கள். அதற்கும் முதலில் ஓர் ஊகம் வேண்டும். எங்கே செலுத்துவது என்பதை அந்த நோயாளியின் வலிப்பு எப்படித் தொடங்குகிறது என்ற விவரம்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பையனின் அப்பா, மகன் வலிப்பின்போது செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தார். மருத்துவர்கள் அந்த நோட்டை வாங்கி நெடுநேரம் படித்தார்கள்.

அதே வார்டில் வேறொரு பெண்ணுக்கு வலிப்பு வந்த நேரத்தில் இ.இ.ஜி.யில் எந்த மாற்றமும் இல்லை. அவளுக்கு வருவது மூளையின் மின்னோட்டக் கோளாறால் வருவது அல்ல, மனத்தின் காயத்திலிருந்து உடலில் வெளிப்படுவது என்று தெரிந்தது. வலிப்பு மையங்களுக்கு வருபவர்களில் இப்படிப்பட்டவர்கள் கணிசமான பேர். அவளும் நடிக்கவில்லை என்று மருத்துவர் குடும்பத்தாரிடம் அழுத்தமாகச் சொன்னதை நான் கேட்டேன். அவளுக்குத் தேவை வேறு சிகிச்சை. அதுவரை அவள் சாப்பிட்ட மாத்திரைகள் எல்லாம் வீண். வீடியோ இல்லாமல் வெறும் தாளை வைத்து என் தங்கையையும் இந்தப் பெண்ணையும் பிரித்து அறிய முடியாது: ஒருத்திக்கு உண்மையான வலிப்பு, தாளில் ஒன்றும் இல்லை, இன்னொருத்திக்கு வேறு துன்பம், அவள் தாளிலும் ஒன்றும் இல்லை.

சீட்டில் எழுத வேண்டியது

அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தது தங்கைதான், நாங்கள் அல்ல. கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், டெம்போரல் மடல் வலிப்புக்கு அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 58 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகு நினைவு தவறும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் குழந்தைகளிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில் இது 77-க்கு 7. இந்த எண்களை அவளே கேட்டு வாங்கிப் படித்தாள். இப்போது அவளுக்கு வலிப்பு இல்லை. ஒரு மாத்திரை தொடர்கிறது. சில பெயர்கள் உடனே வாய்க்கு வருவதில்லை என்கிறாள். அது முன்பிருந்ததா பின்பு வந்ததா என்று அவளுக்கே உறுதியில்லை. வேலைக்குப் போகிறாள். கல்யாணப் பேச்சு வந்தபோது எதையும் மறைக்காமல் சொன்னாள். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வழி 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளேதான் சொன்னாள்.

அதனால் எனக்கு இப்போது இருப்பது மிகச் சிறிய ஒரு கோரிக்கை. நம் மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கருவி இருக்கிறது. வலிப்புக்கென எடுக்க வேண்டிய மூன்று வகைப் படங்கள் எவை என்று 2019-இல் உலக வலிப்பு எதிர்ப்பு அமைப்பு வெளியிட்டுவிட்டது. புதுக் கருவி எதுவும் வேண்டாம், கூடுதலாகச் சில நிமிடங்கள் போதும். மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவரை ஸ்கேனுக்கு அனுப்பும்போது அந்தச் சீட்டில் வலிப்பு எப்படித் தொடங்குகிறது, எந்தக் கை முறுக்குகிறது, பேச்சு எப்போது திரும்புகிறது, இ.இ.ஜி.யில் எந்தப் பக்கம் சந்தேகம் என்ற நான்கு விவரங்களை எழுத ஒரு கட்டம் அச்சிட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அடுத்த முறை வலிப்பு வரும்போது, ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். முகத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு கைகளும் தெரியும்படி எடுக்க வேண்டும், தெளிந்து முதல் வார்த்தை பேசும்வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். நண்பரின் மகனுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அவன் மருத்துவரைப் பார்க்கப் போகிறான். கையில் அந்த அறிக்கையோடு, வலிப்பு வருவதற்கு முன் தனக்கு என்ன தோன்றுகிறது என்று அவனே எழுதிய ஒரு பக்கமும் இருக்கும்.